பீலி ஒழுக்கு
பிலிமத்தலாவையில் மழை விட்டும் பீலி விடவில்லை. பித்தளைக் குத்துவிளக்குக் கடைகளைத் தாண்டிப் போய் ஹாட்வெயாரில் சிலிக்கன் டியூப் வாங்கி வந்தேன். ரசனை பூசுவதில் இல்லை; பழசை உரிப்பதில்தான். பிளேட் நுனியால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தால், பாம்புச்சட்டைபோல ஒரே நாடாவாக வரவேண்டும். கண்ணுக்குத் தெரியாத படலம் மிஞ்சினாலும் புதுசு ஒட்டாது. சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டும். பாய்மரப் படகுக்காரர் சிலிக்கனுக்கு அஞ்சுவது இதனால்தான். பொலியூரித்தேன் பசை வேறு சாதி: பிடித்தால் உடும்பு, கழற்றப்போனால் பலகையும் பிய்ந்து வரும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை ஓடிய அன்னபூரணி என்ற கப்பலின் காலத்தில் டியூப் ஏது? பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைத்தார்கள். கலப்பற்று என்று அழகான பெயர். நீங்கள் எதைப் பூசினாலும் சரி, பழசின் மேலேயே பூசிவிடாதீர்கள்.