மெட்டுக்குள் இருக்கும் பாட்டு

ஹிப்ஹாப் இசை பற்றிப் பேச்சு வந்தபோது சிதம்பரத்து நண்பர் ஒருவர் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்: அடுத்தவன் இசைத்தட்டை வெட்டி ஒட்டுகிறவன் சிருஷ்டிகர்த்தா ஆகமாட்டான். இந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டால் பாரதியின் தேசிய கீதங்களில் முக்கியமான சிலவற்றையும் கழித்துவிட வேண்டிவரும். அதற்கு நண்பருக்கு மனம் வராது. ஆகவே தீர்ப்பைத்தான் பரிசீலிக்க வேண்டும்.

ஹிப்ஹாப்பின் சரித்திரத்தை 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதியிலிருந்து தொடங்குவது வழக்கம். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் அன்று ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். ஆட வந்தவர்கள் பாட்டில் எந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். பாடகன் நிறுத்தி, மற்ற வாத்தியங்களும் அடங்கி, டிரம் மட்டும் பேசும் சில விநாடிகள் அவை. தனி ஆவர்த்தனத்தின் ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் அதே இடத்தைத் தொடங்கி, விநாடிகளை நிமிஷங்களாக நீட்டும் உத்தியை அவர் வளர்த்தெடுத்தார். அதன்மேல் பேச்சு ஏறியது. பேச்சு ராப் ஆயிற்று.

1979இல் ஷுகர்ஹில் கேங் 'ராப்பர்ஸ் டிலைட்' பாடியபோது, ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டின் அடித்தளத்தை வேறு வாத்தியக்காரர்கள் புதிதாக வாசித்துக் கொடுத்தார்கள். எண்பதுகளில் ஸாம்ப்ளர் இயந்திரம் பரவிய பிறகு அந்தத் தேவையும் போயிற்று. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' (1970) தட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த டிரம், பப்ளிக் எனிமியின் 'ஃபைட் த பவர்' (1989) பாட்டில் அந்தக் கையோடு வந்து சேர்ந்தது. அதைக் கேட்ட கறுப்பின இளைஞனுக்கு அது தன் தகப்பன் வீட்டில் கேட்டு வளர்ந்த இசை. புதிய கோபத்தின் அடியில் பழைய தலைமுறை தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு பாட்டைக் கேட்கும் இந்த அனுபவத்தில்தான் ஸாம்ப்ளிங்கின் கலை இருக்கிறது. கேட்பவனிடம் பழைய பாட்டின் ஞாபகம் இல்லாவிட்டால் பாதி போய்விடும். ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த லண்டன் பாடகி எம்.ஐ.ஏ. தன் 'பாம்பூ பாங்கா'வில் (2007) 'தளபதி' (1991) படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டை எடுத்தாண்டிருக்கிறார். அந்நியக் காதுக்கு அது விசேஷமான ஒரு மேளச் சத்தம். நமக்கோ இளையராஜாவின் முழுப் பாட்டும் உள்ளே ஓடத் தொடங்கிவிடுகிறது.

நம்மிடம் இதற்கு நெருக்கமான சமாச்சாரம் வர்ணமெட்டு. நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் குஜிலிப் பிரசுரங்களிலும் பாட்டின் தலையில் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். ஸ்வரம் தெரியாதவனும் அதைப் பார்த்துப் பாடிவிடலாம். இதில் எடுக்கப்படுவது மெட்டு மட்டும். ஒருவனுடைய கையோ குரலோ கூடவே வருவதில்லை. அந்த அளவில் இது 1979இன் காரியத்தோடு சேரும். ஆனால் கேட்பவன் மனசில் ஏற்கெனவே குடியிருக்கும் பாட்டின்மேல் இன்னொரு பாட்டை ஏற்றுவது என்ற அம்சம் இரண்டுக்கும் பொது.

பாரதி இதைப் பிரக்ஞையோடு செய்தவர். அவர் எடுத்துக்கொண்டது அந்நாளில் கதாகாலட்சேபங்களில் ஊரறிந்திருந்த கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம். தில்லைக்குப் போக அனுமதி கேட்கும் நந்தனை அவனுடைய வேதிய எஜமானன் ஜாதி சொல்லி ஏசும் பாட்டு ஒன்று அதில் உண்டு. அந்த மெட்டில், சுயராஜ்யம் கேட்கும் பாரதவாசியை ஆங்கிலேய உத்தியோகஸ்தன் ஏசுகிறான். காகிதத்தில் படித்தால் சாதாரணமான அரசியல் கிண்டல்தான். மெட்டோடு கேட்டவன் நிலைமை வேறு. நந்தன் கதையை எஜமானன் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துப் பழகிய மேல்ஜாதிக்காரன், திடீரென்று அந்த ஏச்சு தன்மீதே விழுவதைக் கேட்கிறான். 'சுதந்திரப் பெருமை' பாட்டிலும் இதே வேலை நடக்கிறது. அதன் மெட்டு, தில்லை வெளியில் கலந்தவர் மீளமாட்டார் என்று சொல்லும் பாட்டினுடையது. மோட்சம் இருந்த இடத்தில் பாரதி சுதந்திரத்தை வைக்கிறார். அப்படி வைத்ததாக வார்த்தைகளில் எங்கும் சொல்லவில்லை. மெட்டு சொல்லிவிடுகிறது.

நம் விமர்சனம் இதைக் கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து கவிதையைக் கண்ணால் படிக்கக் கற்றுக்கொண்டோம். அதனால் கிடைத்த லாபம் பெரிது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டே பாரதியின் தேசிய கீதங்களையும் அளந்து, பிரசாரம் என்று ஒதுக்கிவிட்டோம். தலைப்பின் கீழே இருந்த மெட்டு வரியைப் பாடகர்களுக்கான குறிப்பு என்று தாண்டிப் போனோம். கவிதையின் பாதி அந்த ஒரு வரியில் இருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு பாரதியிடம் கேட்கவேண்டியதும் ஒன்று இருக்கிறது. தேசம் முழுவதையும் நந்தனாக்கியபோது நந்தன் என்ன ஆனான்? அவன்மீது விழுந்த ஏச்சு உவமானமாகிவிட்டது. அதைத் தினமும் வாங்கிக்கொண்டிருந்தவன் பாட்டை விட்டே வெளியேறிவிட்டான். பிராங்ஸ் இளைஞர்கள் எடுத்தது தங்கள் ஜனங்களின் இசையைத்தான். பாரதி எடுத்த வலி இன்னொருவனுடையது. புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதி நந்தனை மறுபடி ஆதனூருக்குக் கொண்டுவர நேர்ந்ததை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

சேக்கிழார் தரும் தகவல் ஒன்று என்னை எப்போதும் தொந்தரவு செய்கிறது. கோயில் பேரிகைகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர் இந்த நாளைப்போவார். அவர் தந்த தோலின் சத்தம் சந்நிதிவரை போயிற்று. அவர் போக முடியவில்லை. 'ஆமென், பிரதர்' (1969) தட்டில் கிரிகரி கோல்மன் ஆறேழு விநாடிகள் வாசித்த டிரம் ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் போயிருக்கிறது. அதற்காக அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2006இல் வீடற்றவராகச் செத்துப்போனார். 1991இல் ஸாம்ப்ளிங் வழக்கொன்றில், திருடாதே என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார் அமெரிக்க நீதிபதி. அந்தத் தீர்ப்பு காப்பாற்றியது பாட்டை எழுதியவனின் உரிமையை. டிரம் வாசித்தவன் அந்தக் கணக்கில் வரவில்லை. இங்கேயும் பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு சினிமா முதலாளியிடம் இருந்து, 1949இல் சென்னை அரசாங்கத்திடம் வந்து, பின்னர் பொதுச்சொத்தாயிற்று. மெட்டுக்குச் சொந்தம் கொண்டாட யாரும் வரவில்லை. தோலுக்கு எப்போதுமே வந்ததில்லை.

1918 நவம்பர் 20ஆம் தேதி, புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட பாரதி கடலூரருகே கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூரில் சிறையிருந்தார். எங்கே வசிப்பது, எதைப் பிரசுரிப்பது என்பதற்கெல்லாம் நிபந்தனை விதித்துத்தான் வெளியே விட்டார்கள். தில்லைக்குப் போகும் அதே சீமையில், எஜமானன் மெட்டில் தாம் பாடவைத்த உத்தியோகஸ்தனிடம் அவரே அனுமதி கேட்டு நிற்கவேண்டியதாயிற்று. இது தற்செயல், இதிலிருந்து தத்துவம் எதையும் கறக்க நான் தயாரில்லை. அந்தப் பாட்டுகளை இனி மதிப்பிட வருகிறவர் நந்தனார் சரித்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முடிந்தால் யாரையாவது பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு எழுதட்டும். சிதம்பரத்து நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன்.