நவயுக இசையில் யப்பானியச் சாயல்: ஒரு மதிப்பீடு

ஒரு கலைப்படைப்பு குறிப்பிட்ட பயனொன்றைக் கருதி ஆக்கப்படுமிடத்து அதன் கலைத்தகுதி குன்றிவிடுமா என்னும் வினா விமர்சன உலகிற்குப் புதியதன்று. மேலைநாடுகளில் 'நியூ ஏஜ்' என வழங்கப்படும் நவயுக இசை தொடர்பாக இவ்வினா கூர்மையடைகிறது. மனவமைதி, தியானம், உறக்கம் ஆகியவற்றுக்கு உதவுவதே இவ்விசையின் நோக்கமென அதனை வெளியிடுவோரே கூறுவர். அக்காரணம் பற்றியே அதனை இசையென ஏற்கத் தயங்குவோரும் உளர். பாடலின்றிக் கருவியிசையாக மட்டும் அமைந்து, மூங்கிற் குழலோசையாலும் நரம்பொலியாலும் யப்பானியச் சாயலை நாடும் ஒரு பிரிவு இவ்விசையினுள் உண்டு. அதனைக் கேட்டல் எத்தகைய அநுபவம் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

பயன் கருதியது என்னும் குற்றச்சாட்டினை முதலில் நோக்கலாம். இவ்விசையில் அடிக்கடி ஒலிக்கும் ஷாக்குஹாச்சி என்னும் குழல் மூங்கிலின் வேரடிப் பகுதியிலிருந்து செய்யப்படுவது. முன்புறம் நான்கும் பின்புறம் ஒன்றுமாக ஐந்து துளைகளையுடையது. அதன் பெயர் 'ஒரு ஷாக்கு எட்டுச் சுன்' என்னும் நீளத்தை, அதாவது ஏறத்தாழ 54.5 சென்ரிமீற்றரைக் குறிப்பதாகும். எடோ காலத்தில் ஃபுக்கே என்னும் ஸென் பௌத்தப் பிரிவினர், முகத்தை மறைக்கும் கூடைத்தொப்பி அணிந்து இக்குழலை ஊதிப் பிச்சை ஏற்றனர். அவர்களுக்கு அது இசைக்கருவியன்று, சமயசாதனம். ஊதுதலே தியானமாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் குரொசாவா கின்கோ தொகுத்தமைத்த முப்பத்தாறு உருப்படிகள் இம்மரபின் கருவூலமாகும். 1871இல் மெய்ஜி அரசு அப்பிரிவை ஒழித்தபின் அக்குழல் பெரிதும் உலகியல் இசைக்குரியதாயிற்று. எனவே, பயன் கருதியதென்பதற்காக நவயுக இசையைத் தள்ளுவோர் ஷாக்குஹாச்சியின் மூலமரபையும் தள்ளவேண்டியவராவர்.

ஆகவே குறை வேறிடத்தில் தேடப்படல் வேண்டும். அம்மரபில் ஒரு தொடர் ஒரு மூச்சின் அளவினது. மூச்சு முடிய ஓசை முடியும்; அடுத்த மூச்சு வரும்வரை மௌனம் நிலவும். இத்தகைய இடைவெளியை யப்பானியர் 'மா' என்பர். அது இசை நின்றுபோன இடமன்று. கேட்போன் கடந்த ஓசையை நினைவில் நிறுத்தி, வரும் ஓசைக்குக் காத்திருக்கும் இடம். தாடையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் சுரத்தை வளைப்பதும், மூச்சின் இரைச்சலை வேண்டுமென்றே கலப்பதும் அம்மரபு இனிமையொன்றையே நாடவில்லை என்பதைக் காட்டும். ஸென் மடங்களில் தியானத்தின்போது கண்ணயர்வோரின் தோளிற் கோலால் தட்டும் வழக்கமும் இங்கு நினைக்கத்தக்கது. அம்மரபு கருதிய அமைதி விழிப்பின் அமைதியே.

இவ்வளவுகோலைக் கொண்டு மூன்று ஆக்கங்களை நோக்கலாம். அமெரிக்க ஜாஸ் கலைஞரான ரோனி ஸ்கொட் 1964இல் டோக்கியோவிற் பதிவுசெய்த 'ஸென் தியானத்துக்கான இசை', நவயுக இசையின் முன்னோடியாகப் பலராலும் கொள்ளப்படுவது. யுய்ஸே ஷினிச்சி கோட்டோ என்னும் நரம்புக் கருவியையும், யமமோட்டோ ஹோஸன் ஷாக்குஹாச்சியையும் இசைக்க, ஸ்கொட் கிளாரினெற் வாசித்தார். கற்பனைக்கு இடங்கொடுத்த அவ்விசையில் கோட்டோவின் நரம்பொலி தேய்ந்து மறையும்வரை கிளாரினெற் பொறுத்திருக்கிறது. ஜாஸ் கலைஞரின் மெருகு சிலவிடங்களில் மிகுந்து தோன்றினும், பிறர் மௌனத்தை மதிக்கும் பண்பு தட்டெங்கும் நிலவுகிறது.

இதற்கு மாறானது கிட்டாரோவின் இசை. 1953இற் பிறந்த இவர், என்.எச்.கே. தொலைக்காட்சியின் 'பட்டுப்பாதை' ஆவணத் தொடருக்கு 1980இல் அமைத்த இசையால் உலகப் புகழடைந்தார்; 2001இல் நவயுக இசைக்கான கிராமி விருதையும் பெற்றார். சிந்தசைசர் என்னும் இலத்திரனியல் கருவியினின்று எழும் அவரது மெட்டுகள் எளிமையும் கம்பீரமும் வாய்ந்தவை. பாலைவெளியின் பரப்பை மனக்கண்முன் நிறுத்துவன. ஆயினும் மெட்டின் கீழே இடையறாது பரவும் பின்னணி நாதம் எந்த வெளியையும் வெறுமையாக விடுவதில்லை. கேட்போன் காத்திருக்கவேண்டியதில்லை, அவன் சுமந்து செல்லப்படுகிறான். பிறப்பால் யப்பானியரான கலைஞரிடம் குன்றிய 'மா' அமெரிக்கரான ஸ்கொட்டிடம் காணப்படுவது சிந்திக்கற்பாலது.

மூன்றாவது, யொஷிமுரா ஹிரோஷி 1982இல் வெளியிட்ட 'ஒன்பது அஞ்சலட்டைகளுக்கான இசை'. 2021இல் மூடப்பட்ட டோக்கியோவின் ஹரா தற்காலக் கலை நூதனசாலையில் ஒலிப்பதற்கு அவர் வழங்கியது இது. 'சூழலிசை' என்னும் வகையிற் சேர்க்கப்படும் இவ்வாக்கம், 2017இல் அமெரிக்காவில் மறுபதிப்புப் பெற்றபின் நவயுக இசை நேயர்களிடையே பரவியது. இதில் மூங்கிற்குழலுமில்லை, கோட்டோவுமில்லை. மின்விசைப் பலகையில் எழும் சில சுரங்களே உள. சிறு தொடரொன்று ஒலிக்கும், ஓயும், சற்றே மாறித் திரும்பும். ஓய்வினூடே அறையின் ஒலிகளும் சாளரத்துக்கு அப்பாலுள்ள ஒலிகளும் செவிக்கு எட்டுகின்றன. சுற்றுச்சூழலை மூடிமறையாது, அதனைக் கேட்கச் செய்வதே இவ்விசையின் பயன்.

இவற்றால் பெறப்படுவது யாதெனில், யப்பானியச் சாயல் கருவியிலோ கலைஞரின் பிறப்பிலோ தங்கியிருப்பதன்று என்பதாம். கேட்போனுக்கென விடப்படும் இடத்திலேயே அது தங்கியுள்ளது. முடிவற்ற அலையோசையின்மீது குழலின் தொனியைப் பூசி மணிக்கணக்கில் நீட்டும் இன்றைய பதிவுகள் பல, குழலை எடுத்துக்கொண்டு மூச்சைக் கைவிட்டவை. களைத்தவனை உறங்கவைக்கும் ஓசையை இகழவேண்டியதில்லை. அதுவும் ஒரு நற்பணியே. ஆயின் உறக்கத்தைத் தியானமென்று பெயரிட்டு விற்குமிடத்து, விழித்திருத்தலைப் பயிற்றிய ஒரு மரபு அதன் பெயராலேயே மறைக்கப்படுகிறது. பயன் கருதியதா என்பதன்று, கேட்போனை விழிக்கச் செய்கிறதா என்பதே இவ்விசையிடம் கேட்கத்தக்க வினா.