கழுவுவதும் வெளுப்பதும்

ஃபிலிமை 'டெவலப்' செய்வதைத் தமிழில் 'கழுவுறது' என்றே சொல்லிவந்திருக்கிறோம். தண்ணீரில் அலசுவது உண்மையில் கடைசி வேலை. அதற்கு முன்பே டெவலப்பர் ஒளிபட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக்கிவிடுகிறது. ஹைப்போ ஒளிபடாததைக் கரைத்துவிடுகிறது. இத்தனையையும் விழுங்கிக் 'கழுவுதல்' மட்டும் சொல்லாக நின்றது தற்செயலாக இருக்கலாம். ஆனால் சொற்கள் சும்மா இருப்பதில்லை. கழுவினால் அழுக்குப் போகவேண்டும், வெளுக்கவேண்டும்.

1888இல் ஈஸ்ட்மன் விற்ற கோடாக் கேமராவில் 100 படங்களுக்கான சுருள் இருந்தது. முடிந்ததும் கேமராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பவேண்டும். பொத்தானை அழுத்துவது உன் வேலை, மிச்சம் எங்களுடையது என்பதுதான் விளம்பரம். அதிகாரம் உட்கார்ந்திருப்பது இந்த 'மிச்ச'த்தில்தான். பின்னாளில் லேப்கள் வண்ணத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தவள் வெள்ளைக்காரி. அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி! நம்மூர் ஸ்டூடியோக்காரருக்கு அட்டைகூட வேண்டியிருக்கவில்லை. நெகட்டிவில் பென்சிலால் 'டச்சிங்' செய்தால் அந்த இடம் படத்தில் வெளுத்துவிடும்.

அம்மா இறந்தபின் சுவரில் மாட்ட, முன்பு நான் எடுத்த 120 ஃபிலிமை ஒரு லேபில் கொடுத்தேன். "நல்லா எடுப்பா வந்திருக்கு சார்" என்றார்கள். சித்தி பார்த்துவிட்டு, "இது யாருடா?" என்றாள்.

பிறகுதான் குளியலறையை இருட்டாக்கினேன். சிவப்பு பல்பு, மூன்று தட்டு, 20 டிகிரிக்கு நம் குழாய்த்தண்ணீர் இறங்காது என்பதால் கொஞ்சம் ஐஸ். நெகட்டிவைத் தாள்மேல் பதித்து விளக்கைப் போட்டேன். 4 நொடியில் லேப்காரரின் அம்மா. 9 நொடியில் நான் அறிந்த அம்மா. கறுப்புக்குத் தேவைப்பட்டது கூடுதல் வெளிச்சம்.

1980இல் வந்த 'கேமரா லூசிடா'வில் ரொலான் பார்த் தன் தாயின் படத்தைப் பார்ப்பவராகவே நிற்கிறார். இருந்த ஒன்றுக்குப் படம் சாட்சி என்கிறார். சரி, இருந்ததுதான். ஆனால் எத்தனை நொடி? அந்தக் கேள்வி பார்ப்பவருக்கு எழுவதில்லை, கழுவுகிறவனுக்கு எழுகிறது.

வீட்டில் கழுவினால் 'உண்மை' கிடைத்துவிடும் என்று சொல்லவரவில்லை. 9 என்பதும் ஒரு தேர்வுதான். என் ஞாபகத்தின் தேர்வு. ஆனால் அதற்குப் பதில்சொல்ல ஆள் இருக்கிறது. 'மிச்சம்' முகமற்ற இடத்திலிருந்து என் கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

6 செ.மீ. சதுரப் படத்தைச் சித்தி கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "சின்னதா இருக்கு. ஆனா அக்காதான்."