முடியளவு கம்பி

பாட்டு விட்டுவிட்டு வரும். கோனை விரலால் லேசாக அழுத்தினால் திரும்பப் பாடும். விரலை எடுத்தால் ஊமை. ஸ்பீக்கருக்கு வருகிற வியாதிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். காயில் என்ற கம்பிச் சுருள் கருகிப்போனால் இந்தத் தயவு கிடைக்காது. இங்கே கம்பி ஓரிடத்தில் அறுந்து, இரண்டு முனையும் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்வதைப் பார்க்கவே ஒரு மெக்கானிக் கடையில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். முதலில் மல்டிமீட்டர். 8 ஓம் ஸ்பீக்கர் நல்ல நிலையில் 6 ஓம் பக்கமாகக் காட்டும். இது எதையும் காட்டாது. தின்னரைத் தொட்டுத் தடவி டஸ்ட் கேப்பைக் கிழியாமல் எடுத்தால் உள்ளே காயில். காந்த இடுக்கில் இரு பக்கமும் உரசாமல் மிதக்க வேண்டிய பொருள். 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ரைஸும் கெல்லாகும் வெளியிட்ட அமைப்பு இன்றும் அடிப்படையில் இதேதான்.

இரும்புச் சாமணம் இங்கே உதவாது. காந்தம் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்ளும். கோன் கிழிந்தால் கதை முடிந்தது. அவர் கையில் இருப்பது சீவிய மூங்கில் குச்சி. மடித்த உப்புத்தாளால் அறுந்த கம்பியின் முனையை இரண்டு இழுப்பு இழுப்பார். எனாமலின் பழுப்பு போய்ச் செம்பு பளிச்சென்று தெரியும். மூன்றாவது இழுப்பு இழுத்தால் கம்பி மெலிந்துவிடும். அந்த மூன்றாவதை இழுக்காததுதான் வித்தை என்பேன்.

ஈயம் ஒரு கடுகளவு. ஒட்டு காந்த இடுக்குக்குள் இறங்கக் கூடாது, கோனின் கழுத்தில்தான் உட்கார வேண்டும். இறங்கினால் கரகரவென்று உரசும். கோனிலிருந்து டெர்மினலுக்குப் போகும் பின்னல் கம்பி இன்னும் நுட்பம். பருத்தி நூலின் மேல் செம்புத் தகடு சுற்றியது அது. 50 ஹெர்ட்ஸ் ஒலி தொடர்ந்து வந்தால் நொடிக்கு 50 முறை வளைய வேண்டும். ஐந்து நிமிஷப் பாட்டுக்கு 15,000 முறை! ஈயம் அதில் ஊறி ஏறிவிட்டால் அந்த இடம் விறைத்து, அங்கேயே மறுபடி அறும். அதனால் பட்டதும் சால்டரிங் இரும்பை எடுத்துவிடுவார். கம்பியையும் விறைப்பாக இழுக்காமல் ஒரு தொய்வு விட்டு, ஒட்டின் மேல் ஒரு சொட்டுப் பசை வைப்பார். ஈயம் மினுங்குகிறதா, மங்கலாகக் கட்டியாக இருக்கிறதா என்று நான் அதற்குள் எட்டிப் பார்த்துவிடுவேன். கெட்ட பழக்கம்.

ஒரு டார்ச் செல்லை டெர்மினலில் தொட்டார். 'டப்' என்று கோன் முன்னே வந்து நின்றது.

புதிய கோன் போட்டு ரீகோன் பண்ணினால் புதிய குரல் வரும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் பழைய ஸ்பீக்கர் ஏதாவது பேசாமல் கிடந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் அதன் கோனை ஒரு முறை மெதுவாக அழுத்திப் பாருங்கள்.