புகழ்ந்தே அடக்குவது

கோவை காந்திபுரத்தில், மத்திய சிறை நிலத்தில், 2025 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறந்ததும் ஒரு பேச்சு கிளம்பியது. 2010 செம்மொழி மாநாட்டில் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டதாம். மொழியை மதிக்கும் அரசுக்கு இதைவிடச் சான்று வேண்டாமாம். நெரிசலில் திணறும் ஊருக்கு 45 ஏக்கர் பசுமை வேண்டியதுதான். வ.உ.சி. செக்கிழுத்த சிறை வளாகத்தில் ஜனங்கள் காற்று வாங்குவதிலும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதை மொழிப்பணிக் கணக்கில் எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கொடிசியாவில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு வெறும் கூத்து என்பவர்களோடும் நான் இல்லை. யூனிகோடு தமிழ் அரசின் தரமானது அந்த நாட்களில்தான். தமிழில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமையும், அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழிப் பொறியியலும் அதே ஆண்டில் வந்தன. இவை நல்ல காரியங்கள்.

மாநாட்டின் தேதியில்தான் அதன் நோக்கம் தெரிந்தது. ஆய்வுக் கட்டுரைகள் தயாராக இன்னும் அவகாசம் வேண்டும் என்றார் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத் தலைவர் நொபொரு கராஷிமா. 2011இல் தேர்தல்; அரசால் காத்திருக்க முடியவில்லை. மன்றத்தை விட்டுவிட்டு, மாநாட்டுக்கு வேறு பெயர் வைத்து நடத்தி முடித்தார்கள். ஈழப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்து அப்போது பதின்மூன்று மாதம்.

மிரட்டி அடக்கும் அதிகாரத்தை ஜனங்கள் சுலபமாக அடையாளம் கண்டுகொள்வார்கள். 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது பொள்ளாச்சியில் துப்பாக்கி வெடித்தபோது யார் எந்தப் பக்கம் என்பதில் எவருக்கும் குழப்பம் இருக்கவில்லை. புகழ்ந்து அடக்குபவரிடம்தான் ஏமாந்துபோகிறோம். உன் மொழி எவ்வளவு மூத்தது தெரியுமா என்று மேடையில் சொல்லும்போது மனசு நிறைந்துவிடுகிறது. என் பிள்ளை எந்த மொழியில் அறிவியல் படிக்கிறது என்று அந்த நேரத்தில் கேட்கத் தோன்றுவதில்லை. மீறிக் கேட்பவனுக்குத் துரோகிப் பட்டம் தயாராக இருக்கிறது.

கொங்கு நாட்டில் அந்தக் கேள்விக்கான விடை தினமும் காலை ஏழு மணிக்கு மஞ்சள் நிறப் பள்ளி வண்டியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. விடுதி, மதிப்பெண், மெடிக்கல் சீட்டு என்று பள்ளிக்கூடத்தைப் பெருந்தொழிலாக வளர்த்தவை நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைப்பதை நிறுத்த, 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. தேர்வில் கைவைத்த அரசு பயிற்றுமொழிப் பக்கம் போகவில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது, அவ்வளவுதான். ஐந்தில் ஒன்று தமிழ். மற்ற நான்கும் ஆங்கிலத்தில் நடக்கலாம்.

ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 1999இல் கருணாநிதி அரசு ஆணை போட்டது உண்மை. மறு ஆண்டே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தனியார் பள்ளியைத் தொட முடியாது, சரி. அரசின் சொந்தப் பள்ளிகளுக்கு என்ன வந்தது? 2012-13 முதல் ஜெயலலிதா அரசு அங்கேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பரப்பியது. 2021இல் வந்த திமுக அரசும் அதைத் திருப்பவில்லை. எந்த நீதிபதியும் இதைச் செய்யச் சொல்லவில்லையே! திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளியை நான் குறை சொல்ல மாட்டேன். “தமிழ் மீடியம் படிச்சா பொழைப்புக்கு என்னங்க வழி?” என்று அவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. மேடையில் முழங்குபவரின் பேரன் எந்தப் பள்ளிக்குப் போகிறான் என்பது அவருக்கும் தெரியும்.

சேர ஆளில்லை என்று, உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் படிப்புகளை நிறுத்தப்போவதாக 2023இல் அண்ணா பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் விலக்கிக்கொண்டது. மானம் தப்பியது. சேர ஏன் ஆளில்லை என்ற பேச்சு அதோடு அடங்கிவிட்டது.

புகழ்ந்து அடக்கும் இந்த வித்தையை டெல்லியும் நன்றாகவே கற்றிருக்கிறது. 2022 முதல் காசி தமிழ்ச் சங்கமம் நடத்திப் புகழ்மாலை சூட்டுகிறது. தேசியக் கல்விக் கொள்கைக்கு இணங்கவில்லை என்று சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாயை 2024-25இல் நிறுத்தியும் வைத்தது. அந்த இழுபறியில் 2025இல் கல்வி உரிமைச் சட்டத்தின்படி நடக்கும் இலவசச் சேர்க்கை மாதக்கணக்கில் நின்றுபோனது. ஏழைக் குழந்தையின் இடம் போயிற்றே என்று சென்னை டெல்லியைச் சாடியது, டெல்லி சென்னையைச் சாடியது. அந்த இலவச இடங்களில் பெரும்பாலானவை தனியார் பள்ளிகளின் ஆங்கிலவழி எல்.கே.ஜி. வகுப்புகளில் இருக்கின்றன, கட்டணத்தைக் கட்டுவது அரசு. இதைப் பற்றி இரண்டு தரப்பிலும் ஒருவர்கூட வாய் திறந்து நான் கேட்கவில்லை.