சிதம்பரம் வந்தாச்சா?

கடலூரிலிருந்து தெற்கே போகும் பேருந்தில் கண்ணயர்ந்து விழித்தவர் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பார்: "சிதம்பரம் வந்தாச்சா?" கல்யாண வீட்டுப் பந்தலிலும் இதே கேள்வி எழும். எழுத்துகூட மாறாது. 'வந்தாரா' என்றால் ஆள் என்று தெரிந்துவிடும், 'வந்துச்சா' என்றால் ஊர். 'வந்தாச்சா' இரண்டுக்கும் பொது. 'சிதம்பரத்தைப் பார்த்தேன்' என்றாலும் பிடி கிடைக்காது. 'சிதம்பரத்தில்' என்று உருபு மாறினால் ஊர், 'சிதம்பரத்திடம்' என்றால் மனிதர்.

பெயரின் பொருளிலும் இந்த இரட்டை உண்டு. சித், அம்பரம் என்று பிரித்தால் அறிவுவெளி. சிற்றம்பலமே சிதம்பரம் என்று திரிந்தது என்பார் சொல்வது வேறு: சிறிய மன்று. எது சரி என்று வழக்காடுவதைவிட, ஒரே ஒலிக்குள் ஒரு சின்னக் கூடமும் எல்லையில்லாத வெளியும் அடங்கியிருப்பதை ரசிக்கவே எனக்குப் பிடிக்கும். ஊரின் பழம்பெயரான தில்லை ஒரு மரத்தின் பெயர். பக்கத்துப் பிச்சாவரம் உப்பங்கழியில் இன்றும் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதற்காக மகளுக்குத் தில்லைநாயகி என்று பெயரிட யாரும் தயங்கியதில்லை.

தமிழ்நாட்டில் ஊர்ப்பெயரை முழுசாகவே மனிதருக்கு வைத்தோம். யாழ்ப்பாணத்தார் சிதம்பரம் கோயிலுக்குள்ளேயே போய் அம்பலத்தை வகைவகையாக எடுத்துக்கொண்டார்கள்: சிற்றம்பலம், பொன்னம்பலம், அம்பலவாணர், தில்லையம்பலம், கனகசபை. பொன்னம்பலமும் கனகசபையும் ஒன்றேதான். ஒன்று தமிழ், மற்றது வடமொழி. அண்ணன் பொன்னம்பலம், தம்பி கனகசபை என்று ஒரு வீட்டில் இருந்தால், இருவருக்கும் ஒரே பெயர்! கொழும்பில் சினிமாத் தொழிலில் கோலோச்சிய சர் சிற்றம்பலம் ஏப்ரகாம் கார்டினர் கிறிஸ்தவர். தில்லை மன்றும் பைபிள் முதுபெரும் தந்தையும் ஆங்கிலக் குடும்பப்பெயரும் ஒரே வரிசையில் இணக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அவர் பெயரில் கொழும்பில் ஒரு வீதியும் இருக்கிறது. கூடம் மனிதராகி, மனிதர் மறுபடி இடமானார்.

இந்தச் சுற்றுப்பயணம் இங்கேயும் நடந்ததுதான். ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த குழந்தைக்குச் சிதம்பரம் என்று பெயர். வளர்ந்து வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்ட வ.உ.சி. அவர்தான் என்பதால் நாம் சேர்த்த விகுதிகளைப் பாருங்கள்: சிதம்பர(ன்)+ஆர். 'அன்' ஆளாக்கியது, 'ஆர்' மரியாதை தந்தது. இனி ஊரோடு குழம்ப வழியில்லை. ஆனால் விட்டோமா? 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த பகுதி சிதம்பரனார் மாவட்டம் ஆனது. அதில் தூத்துக்குடி உண்டு, ஒட்டப்பிடாரம் உண்டு, சிதம்பரம் மட்டும் இல்லை; அது வடக்கே தென்னாற்காட்டில் இருந்தது. 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர் பெயர்களை எடுத்தபோது அதுவும் போயிற்று. 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தது. கப்பலோட்டியவருக்கு மாவட்டத்தைவிடத் துறைமுகம்தான் பொருத்தம் என்பேன்.

சிதம்பரத்திலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. ஐம்பூதத் தலங்களில் அது ஆகாயம், திருவண்ணாமலை நெருப்பு. அந்த மலையின் பெயரைத் தாங்கிய செட்டிநாட்டு அரசர் அண்ணாமலை செட்டியார் பெயரால் 1929இல் இங்கே பல்கலைக்கழகம் எழுந்தது. சுற்றியிருந்த இடம் அண்ணாமலை நகர். அங்கிருந்து ஊருக்குக் கடிதம் எழுதும் மாணவர் பெயர் பழனி என்றிருந்தால், தபால்காரருக்கு அனுப்புநர் முகவரியிலேயே மூன்று தல யாத்திரை முடிந்துவிடும்.