பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள்

இலக்கிய வாசகர்களுக்குத் தன்முன்னேற்ற நூல் என்றாலே ஓர் இளக்காரம் உண்டு. படிக்காமலேயே ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் நம்மூரில் காப்புறுதி முகவர் தொடங்கி தன்முனைப்புப் பேச்சாளர் வரை பலர் பேசுகிற தோரணை இந்த நூல்களிலிருந்து வந்ததுதான். எப்படிச் சிரிப்பது, எப்படிக் கைகுலுக்குவது என்று மனிதர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு பிரதியை விமர்சனம் வாசிக்காமல் வேறு யார் வாசிப்பது?

டேல் கார்னகியின் ‘ஹவ் டு வின் ஃபிரண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளுவன்ஸ் பீப்பிள்’ (1936) இந்த வகை நூல்களுக்கெல்லாம் மூத்த அண்ணன். மிசூரி மாநிலத்து ஏழை விவசாயியின் மகன் கார்னகி. பன்றி இறைச்சியும் சோப்பும் விற்றுத் திரிந்தவர். 1912இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் மேடைப் பேச்சு கற்பிக்கத் தொடங்கினார். நூல் வெளிவந்தபோது அமெரிக்கா பெருமந்தத்தில் கிடந்தது. இருக்கிற வேலை எப்போது போகுமோ என்று பயந்து கிடந்தவர்களிடம், ‘உன்னைப் பிறருக்குப் பிடிக்கவைக்க உன்னால் முடியும்’ என்று சொன்ன புத்தகம் அது. அதன் வெற்றியை அந்தப் பயத்தோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

பிறருக்குப் பிடித்தவராக ஆறு வழிகள் சொல்கிறார். அக்கறை காட்டு, புன்னகை செய், பெயரை மறக்காதே, காது கொடு, அவருக்குப் பிடித்ததைப் பேசு, அவர் முக்கியமானவர் என்று உணரவை. இவற்றில் காது கொடுப்பது பற்றிய அத்தியாயம் இன்றும் நன்றாகவே இருக்கிறது. நம் இலக்கியக் கூட்டங்களில் ஒலிவாங்கியை விடாதவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்வேன். வெறும் முகஸ்துதி வேண்டாம், மனசார செய் என்றும் கார்னகி திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார். அவரைப் போலித்தனத்தின் குரு என்று திட்டுபவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மனசார செய் என்பவர், ஏன் என்று கேட்டால் காட்டுவதெல்லாம் லாபக் கணக்கு. பெயர் பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள். எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி சிறுவனாக இருந்தபோது முயல்குட்டிகள் வளர்த்தாராம். தீனி கொண்டுவரும் பையன்களின் பெயரைக் குட்டிகளுக்கு வைப்பதாகச் சொன்னதும் தீனி குவிந்ததாம். பெரியவரானதும் ரயில்வே நிறுவனத் தலைவரின் பெயரை எஃகு ஆலைக்கு வைத்து, தண்டவாளங்களை அந்த நிறுவனத்துக்கே விற்றார். நூலாசிரியர் இந்த முதலாளிக்கு உறவினர் அல்லர். ஆனால் தன் குடும்பப் பெயரின் எழுத்துகளை மாற்றி, அவர் பெயரோடு பொருந்த வைத்துக்கொண்டவர்.

அதே அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது. முதலாளிக்குத் தொழிலாளர் பலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியுமாம். தான் நேரடிப் பொறுப்பில் இருந்தவரை வேலைநிறுத்தமே நடந்ததில்லை என்று பெருமைப்பட்டாராம். என் வாசிப்பு இந்த ‘நேரடிப் பொறுப்பில்’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிலாளர்களுக்கும் நிர்வாகம் வரவழைத்த பிங்கர்டன் ஆட்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. தொழிற்சங்கம் நொறுங்கியது. நிர்வாகத்தை ஃபிரிக் என்பவரிடம் விட்டுவிட்டு முதலாளி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். பெயர் தெரிந்து வைத்திருந்தது அந்தத் தொழிலாளர்களுக்கு என்ன செய்தது? கார்னகியின் நூலில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

நமக்கு இது புதுக்கதையும் அல்ல. மலாயா தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணி தன் சொந்த ஊருக்குத்தான் போனார். அங்கே எல்லார் பெயரும் அவருக்குத் தெரியும். மாமா, மச்சான் என்று உரிமையோடு பேசத் தெரியும். கப்பலேறி வந்தவர்கள் வேலைக்கு இறங்கிய பிறகு, தலைக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் சேர்ந்தது. வசீகரம் அங்கே ஒரு தொழில் கருவி. இன்றைக்கும் “அண்ணே, அம்மாவுக்கு முட்டி வலி இப்ப எப்படிண்ணே?” என்று கேட்கும் முகவர் ஒருவரை எனக்குத் தெரியும். எனக்குத் திட்டம் வேண்டாம் என்று சொன்ன மறுவாரத்திலிருந்து அம்மாவின் முட்டியைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

திருக்குறளின் அமைப்பு இங்கே கவனிக்கத்தக்கது. இனியவை கூறல் அறத்துப்பாலில், இல்லறத்தானுக்கு உரியதாக வருகிறது. சொல்வன்மை பொருட்பாலில், அமைச்சனுக்கு உரிய திறமையாக வருகிறது. இனிய சொல்லால் பலன் உண்டு என்று வள்ளுவரும் சொல்கிறார்தான். ஆனால் இரண்டையும் அவர் ஒரே அதிகாரத்தில் போடவில்லை. கார்னகி இரண்டையும் ஒன்றாக்கினார். வீட்டுப் பேச்சும் விற்பனைப் பேச்சும் அதன் பிறகு ஒரே குரலில் ஒலிக்கத் தொடங்கின.

இந்த நூலைப் படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கூச்சத்தால் வாய் திறக்காத ஓர் இளைஞனுக்கு இது உதவும். படிப்பவர் ஒவ்வொரு கதையிலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளட்டும்: பெயர் சொல்லி அழைக்கப்பட்டவனுக்கு இதில் என்ன கிடைத்தது? முயலுக்குத் தீனி கொண்டுவந்த பையன்களில் ஒருவனுடைய பெயரைக்கூட கார்னகி எழுதி வைக்கவில்லை.